மழலையும் சொற்பொருளும்

குழந்தைகளின் மழலைச் சொல்லைக் கேட்டு மகிழாதார் உலகில் இலர். வள்ளுவர் பெருமானும் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் அதன் இனிமையைப் புகழ்ந்துள்ளார். ஆயினும், மழலையின் ஓசைக்கு உள்ளத்தைப் பறிகொடுக்கும் நாம் அதன் பொருள் யாதென ஆராய்வது அரிது. நாம் ஒரு பொருளில் வழங்கும் சொல்லைக் குழந்தை வேறொரு பொருளில் வழங்குங்கால், "பிள்ளை உளறுகிறது" என்று நகைத்து விடுகின்றோம். அல்லது அதனை அயலாரிடம் வேடிக்கையாக எடுத்துரைக்கின்றோம். அவ்வேடிக்கையினுள்ளே ஓர் ஒழுங்கு உண்டு என்பதும், அவ்வொழுங்கை அறியாமையால் சிற்சில வேளைகளில் நாம் குழந்தைக்குத் தீங்கிழைத்து விடுகின்றோம் என்பதும் இக்கட்டுரையில் யான் கூறப்புகும் செய்திகளாம்.

யான் பிறந்த ஊர் காஞ்சிமாநகருக்கு அண்மையிலுள்ள கூரம். இராமாநுசரின் முதன்மையான மாணாக்கருள் ஒருவராகிய கூரத்தாழ்வார் தோன்றிய ஊர் என அதனைப் பலரும் அறிவர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடுகளை வரலாறு கற்பார் அறிவர். வடமொழியும் தமிழும் விரவிய அச்சாசனத்திலே, பாலாற்றினின்று கால்வாய் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்ந்த செய்தியும், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசித்தற்குச் செய்த ஏற்பாடும் காணப்படுகின்றன. காஞ்சியைச் சூழ்ந்த ஊர்கள் பலவற்றிற் போலவே எங்கள் இல்லத்திலும் பட்டுத்தறி உண்டு. என் தந்தையார் தறியில் அமர்ந்து நெய்வார். என் தமக்கையின் மைந்தன் பிறந்தது முதல் ஆறாண்டு நிரம்பும் வரை அத்தறியின் அருகிலேயே வளர்ந்தான். அவன் பேசக் கற்ற வகையை யான் உடனிருந்து கண்டேன். கீழே கூறும் எடுத்துக்காட்டுகளுட் பல அவன் வாய்மொழிகளே.

குழந்தை ஏறக்குறைய ஆறாம் திங்களில் பொருளற்ற அசைகளை அடுக்கி ஒலிக்கத் தொடங்குகின்றது. ஓராண்டு நிரம்பும் பருவத்தில் முதற்சொல் பிறக்கின்றது. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டுக்குள் இரு சொற்களை இணைத்துப் பேசுகின்றது. இவ்வளவும் பெற்றோர் எல்லாரும் கண்டறிந்ததே. ஆனால், முதற்சொற்கள் எப்பொருளைக் குறிக்கின்றன என்பதே கருதத்தக்கது. எங்கள் சிறுவன் முதலிற் கற்ற சொற்களுள் ஒன்று 'தாத்தா' என்பது. சின்னாட்களில் நரைத்த தலையுடையார் அனைவரும் அவனுக்குத் தாத்தா ஆயினர். அதன்பின், யாரும் அமராத தறியைச் சுட்டியும் 'தாத்தா' என்றான். கயிற்றில் உலர்ந்த வேட்டியைச் சுட்டியும் 'தாத்தா' என்றான். பார்ப்பவர் இதனை அறியாமை என்பர். ஆனால், தாத்தாவின் வடிவம், தாத்தாவின் இடம், தாத்தாவின் உடைமை என்னும் மூன்று தொடர்புகளை அவன் ஒரு சொல்லிலே அடக்கினான். நம் இலக்கணத்தார் ஆகுபெயர் எனக் கூறும் நெறிக்கு இது மிக அணித்தாக நிற்கின்றது.

இதுபோன்ற செய்திகளை மேனாட்டறிஞரும் குறித்து வைத்துள்ளனர். உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின், முப்பத்தேழு ஆண்டுகளுக்குமுன் தம் மகனைக் குறித்து எழுதிய நாட்குறிப்பைக் கொண்டு 1877-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்குழந்தை ஓராண்டு நிரம்பியபோது உணவுக்கு 'மம்' என்று தானே ஒரு பெயர் இட்டுக்கொண்டது. பின்னர்ச் சர்க்கரையை 'ஷூ-மம்' என்றது. அதிமதுரத்தைக் 'கரிய ஷூ-மம்' என்றது. சோற்றை 'மம்மு' என்று நம் நாட்டுக் குழந்தைகள் கூறுவதை அறிந்த நமக்கு இது வியப்பும் உவகையும் தருவதாம். 1888-ஆம் ஆண்டில் ரோமானெஸ் என்பார் எழுதிய நூலில் வேறொரு குழந்தையின் செய்தி உண்டு. வாத்தின் ஒலியைக் கொண்டு அதனைக் 'குவாக்' என்றழைத்த அக்குழந்தை, வாத்து நீந்திய நீரையும் 'குவாக்' என்றது. பிறகு பறவைகளையும் பூச்சிகளையும் ஒருபுறமும், நீர்மப்பொருள்களையெல்லாம் மறுபுறமும் அப்பெயரால் வழங்கியது. இறுதியில் கழுகின் உருவம் பொறித்த ஒரு பிரெஞ்சு நாணயத்தைக் கண்டு, நாணயங்கள் அனைத்தையும் 'குவாக்' என்றே அழைத்தது. வாத்துக்கும் காசுக்கும் யாதொரு தொடர்பும் இல்லையெனப் பெரியோர் கூறுவர். குழந்தை சென்ற வழியே பின்சென்று பார்த்தால், ஒவ்வோர் அடியும் முன்னடியைத் தொடர்ந்தே வைக்கப்பட்டிருத்தல் விளங்கும்.

குழந்தை இவ்வாறு பொருளை மாற்றிக்கொள்வது ஏன்? பெரியோர் ஒரு பொருளைச் சுட்டி அதன் பெயரைக் கூறக்கேட்டே தாம் மொழி கற்றதாக அகஸ்தீன் முனிவர் தம் வாழ்க்கை வரலாற்று நூலின் முதற் பகுதியில் எழுதியுள்ளார். 1953-ஆம் ஆண்டில் வெளியான விட்கென்ஸ்டைனின் தத்துவ நூல் அப்பகுதியை எடுத்துக்கொண்டே தொடங்குகின்றது. சுட்டிக்காட்டுவதனால் மட்டும் பொருள் விளங்கிவிடுமா என்று அந்நூல் வினவுகின்றது. வினா நேரியதே. தாய் நிலவைச் சுட்டி 'அம்புலி' என்கின்றாள். அச்சொல் வட்டத்தைக் குறிக்கின்றதோ, ஒளியைக் குறிக்கின்றதோ, உயரத்தைக் குறிக்கின்றதோ, தாயின் விரல் நீண்டதைக் குறிக்கின்றதோ! குழந்தை அவற்றுள் ஒன்றை ஊகித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சிறுவன் வட்டத்தைத் தெரிந்தான். அதனால் அப்பளமும் சில நாட்கள் அம்புலியாயிற்று.

இவ்வூகம் வியக்கத்தக்க விரைவுடையது. 1978-ஆம் ஆண்டில் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்னும் இருவர் மூன்று நான்கு அகவைக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். இரண்டு தட்டுகளை வைத்து, "நீலத்தட்டன்று, குரோமியத் தட்டைக் கொண்டு வா" என்று போகிற போக்கில் ஒருமுறை கூறினர். குரோமியம் என்பது ஒரு நிறத்தின் பெயரெனக் குழந்தைகள் அதற்குமுன் கேட்டதில்லை. எனினும், நீலம் அல்லாத மற்றத் தட்டை எடுத்து வந்தனர். அவருட் சிலர் நாட்கள் பல கழிந்த பின்னும் அச்சொல்லைப் பற்றி ஏதோ ஒன்று நினைவிற் கொண்டிருந்தனர். தெரிந்த பொருளுக்குத் தெரிந்த பெயர் இருத்தலின், புதிய பெயர் புதியதொன்றனையே குறித்தல் வேண்டும் என்பது அவர்களுடைய தருக்கம். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்னும் இவ்வரையறையைக் குழந்தைக்குக் கற்பித்தார் எவருமிலர்.

நிற்க. நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகைப்படுத்தினார். மரம் என்பது இடுகுறி. நாற்காலி என்பது காரணம். அவருக்கு நெடுங்காலம் முற்பட்ட தொல்காப்பியர் உரியியலிலே, ஒரு சொல்லுக்கு அப்பொருள் வந்ததற்குரிய காரணம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை என்னும் கருத்தை அமைத்துள்ளார். குழந்தையோ இதற்கு உடன்படுவதில்லை. அதற்கு எல்லாப் பெயரும் காரணப்பெயரே. எங்கள் சிறுவன் ஆட்டையும் மாட்டையும் 'நாற்காலி' என்றான். நான்கு கால் இருக்கின்றதன்றோ? கோழியை 'இரண்டுகாலி' என்றான். அடுப்பங்கரையிற் கிடந்த மூன்று கால் மணையைக் கண்டு 'மூணுகாலி' என்றான். 'முக்காலி' என்னும் சொல் தமிழில் உண்டென்பதை அவன் அதுகாறும் கேட்டிலன். இரு பிழைகளைச் செய்த அதே விதியே மூன்றாம் முறை ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை அவனுக்குப் பிறப்பித்துக் கொடுத்தது. இவ்வகையான குழந்தைச் சொல்லாக்கங்களைத் திரட்டி, கோர்னேய் சுக்கோவ்ஸ்கி என்னும் ருஷிய எழுத்தாளர் 1928-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 'இரண்டு முதல் ஐந்து வரை' என்னும் பெயரால் அது பிற்காலத்தில் பல மொழிகளிற் பரவியது. இரண்டு முதல் ஐந்து அகவை வரையுள்ள குழந்தைகளே உலகில் மிகுந்த உழைப்புடைய அறிவாராய்ச்சியாளர் என்பது அவருடைய துணிபு.

சொற்பொருளிற் போலவே சொல்லின் வடிவத்திலும் இத்தருக்கம் காணப்படும். 'போ' என்பதற்குப் 'போனேன்' என வருமாயின், 'வா' என்பதற்கு 'வானேன்' என வருதல்தானே முறை? எங்கள் சிறுவன் ஓராண்டளவு அவ்வாறே கூறினான். 'வந்தேன்' என்பதை நாடோறும் நூறுமுறை கேட்டும் 'வானேன்' என்றே சொன்னான். கேட்டதைக் கிளிபோல் ஒப்பிப்பவனாயின் இச்சொல் அவன் வாயிற் பிறந்திராது. அதனைக் கூறுவார் எவருமில்லை. 1958-ஆம் ஆண்டில் ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க அம்மையார், எம்மொழியிலும் இல்லாத 'வக்' என்னும் பெயரை ஒரு கற்பனைப் பறவைக்கு இட்டு, அதன் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி, இரண்டு இருப்பின் எவ்வாறு கூறுவீர் என வினவினார். குழந்தைகள் தயங்காது பன்மை விகுதி சேர்த்து விடையிறுத்தனர். குழந்தையின் உள்ளத்தில் இருப்பது சொற்குவியல் அன்று, விதி என்பது இதனால் உறுதியாயிற்று.

ஊர்வழக்கும் உறவுமுறையும் குழந்தைக்குத் தரும் மயக்கம் இன்னும் சுவையுடையது. எங்கள் தொண்டைநாட்டுப் பேச்சிலே ழகரம் பெரும்பாலும் யகரமாக ஒலிக்கும். 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்பர். ஒருநாள் இரவு விளக்கு அணைந்தபோது சிறுவன் அலறினான். என் தமக்கை அவனை அணைத்து, "பயம் இல்லை, பயம் இல்லை" என்று தேற்றினாள். அவன் அழுகை இருமடங்காயிற்று. "பயம் வேணும்" என்று அரற்றினான். பழம் இல்லை என்று தாய் கூறியதாக அவன் கொண்டான். ஒரு பழத்தைக் கையிற் கொடுத்த பிறகே அமைதி உண்டாயிற்று. இனி, கூட்டுக்குடும்பத்திற் பிறந்த குழந்தை, வீட்டிலுள்ள இளையோர் அழைப்பதைக் கேட்டுத் தன் தாயை 'அக்கா' என்றும் தந்தையை 'அண்ணா' என்றும் அழைப்பது நம் நாட்டில் எங்கும் காணும் வழக்கம். எங்கள் சிறுவனும் நெடுநாள் தன் தாயை 'அக்கா' என்றே அழைத்தான். அஃது இருவரிடை உள்ள உறவின் பெயர் என்பதை அவன் அறியான். அவளுக்கு இட்ட பெயரெனவே கொண்டான். 'நான்', 'நீ' என்னும் சொற்கள் பேசுவோர் மாறுந்தோறும் ஆளை மாற்றுவன. ஆதலின் அவற்றையும் அவன் பிந்தியே கற்றான்.

தறியின் அருகே வளர்ந்தமையால் அவன் கற்ற சொற்களின் வரிசையே வேறாயிற்று. நெசவாளர் வழங்கும் சொற்கள் பல, நாட்டில் வேறு பொருளில் வழங்குவன. குழூஉக்குறி என இலக்கணத்தார் கூறும் வகையோடு இவற்றை ஒப்பிடலாம். பாவுநூலைத் தூக்கி இறக்கும் நூற்கண்ணிகளை 'விழுது' என்பர். ஊடைநூல் சுற்றிய சிறு குச்சியைத் 'தார்' என்பர். அத்தாரை உட்கொண்டு இங்குமங்கும் ஓடுவதை 'நாடா' என்பர். சேலையின் இருபுறத்து ஓரமும் 'கரை' எனப்படும். கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக அமைய, அவற்றைத் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றோடொன்று பிணைக்கும் வேலைக்குக் 'கோர்வை' என்று பெயர். ஒருவர் தறியில் அமர்ந்து நெய்ய, மற்றொருவர் மறுபுறம் அமர்ந்து கரையின் நாடாவைத் தள்ளித் தருதல் வேண்டும். முற்காலத்தில் இதற்குச் சிறுவரை அமர்த்தினர். எங்கள் இல்லத்தில் என் தாயாரே அவ்விடத்தில் அமர்ந்தார்.

எங்கள் சிறுவனுக்குக் கரை என்றால் சேலைக்கரையே. முதன்முறை அவனை ஏரிக்கு அழைத்துச் சென்று, "இதுதான் ஏரிக்கரை" என்றேன். அவன் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரிகை எங்கே, மாமா?" என்றான். ஊருக்குத் தார்ச்சாலை போட வந்தபோது, அவ்வளவு தாரையும் யார் சுற்றினார் என்று தன் ஆயாவைக் கேட்டான். இவற்றைக் கேட்டு யானும் நகைத்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது ஓருண்மை புலப்பட்டது. நீரின் ஓரத்துக்கு உரிய சொல்லைத் துணியின் ஓரத்துக்கு முதன்முதல் வழங்கிய நெசவாளரும், ஆலின் விழுதை நினைந்து தறியின் நூலுக்குப் பெயரிட்டவரும் செய்தது இதனையே. அவர் ஏரியினின்று சேலைக்கு வந்தார். இவன் சேலையினின்று ஏரிக்குச் சென்றான். வழி ஒன்றே, திசைதான் வேறு.

பெரியோரும் பழகாத சொல்லைக் கேட்குங்கால் பழகிய சொல்லாக மாற்றிப் பொருள்கொள்வதை மொழிவரலாறு எங்கும் காணலாம். சென்னையிலே ஹாமில்டன் பாலம் என்னும் பெயர் தமிழர் நாவில் முடிதிருத்துவோரைக் குறிக்கும் ஒரு தமிழ்ச்சொல்லை ஒத்து ஒலித்தது. பின்பு அத்தமிழ்ச்சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதே பொருள்படும் பெயரால் அப்பாலத்தை வழங்கினர். காஞ்சியிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒற்றை மாமரம் எனப் பொருள்படும் 'ஏக ஆம்ரம்' என்னும் வடசொல்லோடு தொடர்புடைய தலப்பெயர், தேவாரத்தில் 'ஏகம்பம்' என வருகின்றது. மக்கள் வழக்கில் 'ஏகாம்பரம்' ஆயிற்று. அம்பரம் என்பது ஆடையையும் வானத்தையும் குறிக்கும் சொல்லாதலின், மாமரம் அப்பெயரினுள் மறைந்து விட்டது. வரதராசர் கோயில் கொண்ட இடம் பழந்தமிழில் 'அத்தியூர்'; வடமொழியில் 'ஹஸ்திகிரி', அஃதாவது யானைமலை. தமிழில் 'அத்தி' என்பது மரத்துக்கும் யானைக்கும் பொதுவான சொல். 2019-ஆம் ஆண்டில் நீரினின்று எழுந்தருளிக் காட்சியளித்த அத்திவரதர் திருவுருவம் அத்திமரத்தால் ஆயது என மக்கள் அறிவர். யானைமலை என்னும் பெயரும் அக்கோயிலில் வழங்கி வருகின்றது. ஒரு சொல் இரு பொருள் சுமந்து நிற்க, ஊரார் இரண்டையும் போற்றுகின்றனர். பெரியோர் செய்யின் இது தலபுராணம் ஆகின்றது. குழந்தை செய்யின் பிழை ஆகின்றது!

இதுகாறும் கூறியவை நகைப்புக்கும் வியப்புக்கும் உரியன. இனிக் கூறுவது அத்தகையதன்று.

தறியில் நெய்யுங்கால் நாடா சில வேளைகளில் கைதவறிக் குழியில் விழுவதுண்டு. "தவறிவிட்டது" என்பார் என் தந்தையார். உடனே சிறுவன் குழியில் இறங்கி, மிதிபலகைகளுக்கிடையே துழாவி, நாடாவை எடுத்துத் தருவான். அது தன் கடமை என்று அவன் பெருமை கொண்டிருந்தான். அவன் நான்கு அகவையினனாக இருந்தபோது என் தந்தையார் ஒருநாள் விடியற்காலையில் உயிர் நீத்தார். துக்கம் கேட்க வந்தோர் அனைவரும், "எப்போது தவறினார்?" என்றே வினவினர். யாங்களும், "விடியலில் தவறிவிட்டார்" என்றே விடை கூறினோம். மூன்றாம் நாள் சிறுவனைக் காணவில்லை. தேடிச் சென்றபோது, தறிக்குழியின் இருளில் அவன் கைகளால் துழாவிக்கொண்டிருந்தான். என்ன தேடுகின்றாய் என்றேன். "தாத்தா தவறிட்டாரே, மாமா. நான்தானே எடுத்துத் தரணும்" என்றான்.

அருகில் இருந்தோர் சிலர் நகைத்தனர், பின்னர் அழுதனர். யான் அவனைத் தூக்கி வெளியே கொணர்ந்தேன். ஆனால் ஒன்றும் கூறினேனல்லேன். அதன்பின் பல நாட்கள் அவன் சரிவர உண்ணவில்லை. தறியின் பக்கமே செல்லவில்லை. அவன் வாட்டத்தைத் துயரம் என்றே யாங்கள் எண்ணினோம். தன் கடமையைத் தான் செய்யத் தவறியதாக அவன் கருதுகின்றான் என்பதை உணர்ந்தவர் என் தாயாரே. அவர் ஓர் இரவு அவனைத் தம் மடியில் இருத்தி, "தாத்தா செத்துப் போயிட்டாரு, கண்ணு. குழியிலே விழலை. இனிமேல் வரமாட்டாரு. நீ தேடி எடுக்காதது தப்பில்லை" என்றார். தாத்தா இறந்தபின் அன்றைக்கே அவன் முதன்முறை வாய்விட்டழுதான். மறுநாள் காலையில் பசிக்கின்றது என்று கேட்டு உண்டான்.

இறப்பை வெளிப்படக் கூறாது நன்மொழியால் மறைத்துக் கூறுவதை மங்கலம் என நம் இலக்கணம் வகுத்துள்ளது. தவறினார், காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார் என்பன யாவும் துயருற்றார்க்கு நாம் செய்யும் மரியாதை. பெரியோருக்கு அஃது ஏற்புடைத்து. அவர் சொல்லின் பின்னுள்ள பொருளை அறிவர். குழந்தையோ சொல்லையே பொருளாகக் கொள்ளும். மறைந்தவர் வெளிப்படலாம், போனவர் திரும்பலாம், தவறியதைத் தேடி எடுக்கலாம். 1948-ஆம் ஆண்டில் மரியா நாஜ் என்னும் அங்கேரிய அம்மையார், மூன்று முதல் பத்து அகவை வரையுள்ள 378 குழந்தைகளிடம் இறப்பைக் குறித்துத் தாம் கேட்டறிந்தவற்றை வெளியிட்டார். ஐந்து அகவைக்குட்பட்டோர் பெரும்பாலும் இறப்பை ஒரு பிரயாணமாகவோ உறக்கமாகவோ கருதினர். இறந்தவர் மீளார் என்னும் தெளிவு ஐந்து முதல் ஏழு அகவைக்குள்ளே பெரும்பாலார்க்கு உண்டாகின்றது எனப் பிற்கால ஆய்வாளரும் கூறுவர். அத்தெளிவு வருமுன் நாம் வழங்கும் மங்கலச் சொல், குழந்தைக்கு மங்கலமாக அமையாது.

மற்றொரு செய்தியும் கூறி முடிப்பேன். தந்தையார் மறைவுக்குப் பின் எங்கள் தறியில் கோர்வை வேலை நின்றுவிட்டது. என் தாயார் மறுபுறத்து இடத்தில் அமர்வதில்லை. அடுத்த ஆண்டில் சிறுவனைப் பள்ளியிற் சேர்த்தோம். ஒருநாள் ஆசிரியர் ஒரு கதையைக் கூறி, அதனைத் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். அவன் முன்னும் பின்னுமாகக் கூறவே, "கோர்வையாகச் சொல்" என்றார். அவன் சற்று எண்ணி, "கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும், ஐயா" என்றான். வகுப்பு முழுதும் நகைத்தது. ஆசிரியர் அதனைத் துடுக்கு எனக் கொண்டு அவனைப் பலகைமேல் நிறுத்தினார். அன்று முதல் ஏறக்குறைய நான்கு திங்கள் அவன் பள்ளியில் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஓயாது பேசுபவன் அங்கே ஊமை போல் இருந்தான். காரணம் கேட்டால், "சொன்னா தப்பாயிடும்" என்றான். ஆசிரியர்மேல் குறை கூறுதல் என் கருத்தன்று. அவர் நெசவுத்தொழில் அறியாதவர். வகுப்பிலோ நாற்பது பிள்ளைகள். யானும் அன்று அவ்விடத்தில் இருந்திருப்பின் அவ்வாறே செய்திருப்பேன். பின்னர் யான் சென்று கோர்வையின் பொருளை எடுத்துக் கூறியபோது அவர் மனம் வருந்தினார். மறுநாள் வகுப்பிலே, கோர்வை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவனே விளக்கிக் கூறுமாறு செய்தார். அவன் கைகளால் நாடாவைத் தள்ளிக் காட்டி, இப்பக்கத்தார் அனுப்ப அப்பக்கத்தார் வாங்கித் திருப்புவதைச் சொன்னான். அதன்பின் அவன் நா கட்டவிழ்ந்தது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியினின்று வெளிச்செல்வோருட் பலர் ஆசிரியர் ஆவீர். ஏறக்குறைய அனைவரும் பெற்றோர் ஆவீர். குழந்தை ஒரு சொல்லைப் பிறழ வழங்கக் கேட்டால், நகைப்பதற்கு முன், "அப்படியென்றால் என்ன?" என்று ஒரு வினா கேட்பீராக. அவ்வினாவுக்குக் குழந்தை தரும் விடையில், அது சென்ற வழி முழுதும் விளங்கிவிடும். திருத்துதல் வேண்டா என்பது என் கருத்தன்று. 'வானேன்' என்ற குழந்தை நாம் அதட்டாமலே 'வந்தேன்' என்று கூறும் நாள் தானே வரும். நாம் சரியான சொல்லை அதன் காதில் விழுமாறு மீண்டும் இயல்பாகக் கூறினாற் போதும். ஆனால், அச்சமும் துயரமும் இறப்பும் பற்றிய சொற்களில் தானே தெளியட்டும் என்று இருத்தலாகாது. அங்கே எளிய சொல்லைத் தெரிந்து, உள்ளதை உள்ளவாறு கூறுதல் நம் கடன்.

பொருளுணர்வு கேட்போரின் உணரும் ஆற்றலைப் பொறுத்தது என்பதும் தொல்காப்பியர் அருளிய கருத்தே. கேட்போன் சிறுவனாயின், அவ்வாற்றலுக்கேற்பச் சொல்லும் பொறுப்பு சொல்வோனைச் சார்ந்தது. எங்கள் சிறுவன் வகுப்பிலே கூறியது துடுக்கன்று, பிழையுமன்று. சேலையாயினும் பேச்சாயினும், கோர்வைக்கு இருவர் வேண்டும்.